ஞாயிற்றுக்கிழமை வாத்தியக்காரர்கள்
நொய்யல் கரைக் குரல்கள் – 11

சென்ற வாரம் உடுமலை நாராயணகவியைப் பூளவாடியிலிருந்து சினிமா வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். 1899-ல் பிறந்தவர்; சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர்; பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவர். முத்துசாமிக் கவிராயரின் கையில் சேர்ந்ததால் நாடகத்துக்குள் போனார், பாட்டு எழுதினார், தமிழ்நாடு முழுக்கப் பாடியது. கொடுமுடியில் பிறந்து ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமி கே.பி. சுந்தராம்பாளையும் ஒரு நாடகக் கம்பெனிதான் எடுத்து வளர்த்தது. அந்தக் கம்பெனிகளில் அடியும் உதையும் உண்டு, பட்டினியும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைக்குச் சோறு, வாத்தியார், மேடை ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்த இடம் அன்று அது ஒன்றுதான்.

இன்றைக்கு அதே பூளவாடிப் பக்கத்திலிருந்து, குரலும் தாளமும் கைவந்த ஒரு பையனோ பெண்ணோ பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து இறங்கினால் என்ன ஆகும்? சோறு கிடைத்துவிடும். அந்த விஷயத்தில் இந்த ஊர் யாரையும் கைவிட்டதில்லை. கை மடிக்கப் போனாலும், செக்கிங் டேபிளில் நின்றாலும், பவர் டேபிளில் உட்கார்ந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வரும். வாத்தியாரும் மேடையும்தான் கேள்வி. அந்த இரண்டும் எங்கெங்கே, எப்படி இருக்கின்றன என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் இந்த ஊரின் கடிகாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். திருப்பூரில் பெரும்பாலோருடைய வாழ்க்கை இந்த ஒன்றரையில்தான் ஓடுகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கணக்கும் இல்லை. கை ஓடுகிற வரை வேலை. ஆகவே வார நாளில் இசை வகுப்பு என்றால் ஆள் வராது. வெளிநாடுகளில் பள்ளி விட்டதும் பிள்ளைகளை இசைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று படிக்கிறோம். இங்கே பதினெட்டு பத்தொன்பது வயதிலேயே முழுநேர வேலைக்காரர்களாகிவிட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறிலும் துணி துவைக்க வேண்டும், ரேஷன் கடைக்குப் போக வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் ஞாயிறும் கம்பெனிக்கே. “ஷிப்மென்ட் இருக்குதுங்க, இந்த வாரம் வர முடியாதுங்க” என்பது இந்த ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கிற வாக்கியம்.

இத்தனை நெருக்கடியிலும் ஞாயிறு மாலைகளில் இந்தப் பகுதி வாசித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. திருப்பூர் என்றால் பனியன், சாயத் தண்ணீர், டாலர் என்று பேசி முடித்துவிடுவார்கள்.

கயிலாய வாத்தியத்தை எடுத்துக்கொள்வோம். அவிநாசித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கும், திருப்பூர் விஸ்வேஸ்வரர் கோயிலின் வைகாசி விசாகத் தேரோடு நடந்தவர்களுக்கும் அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் பதிந்திருக்கும். சிவகண வாத்தியம் என்றும் சொல்வார்கள். பெரிய மேளங்கள், கொம்பு, எக்காளம், சங்கு, திருச்சின்னம், பிரம்மதாளம். கொங்குப் பகுதியில் இப்படிப் பல குழுக்கள் உண்டு. இதில் வாசிக்கிற பெரும்பாலோருக்கு வாசிப்பு தொழில் அல்ல. வார நாளில் வேறு வேலை, விடுமுறையில் வாத்தியம். வாசிப்பதைத் தொண்டாகவே செய்கிறார்கள். கல்லூரிப் பையன்கள், பள்ளிக்கூடப் பெண்கள், வீட்டுக்காரம்மாக்கள், பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லாம் கலந்து நிற்பார்கள். சமுதாய இசைக்குழு என்று உலகம் எதைச் சொல்கிறதோ அது இதுதான். நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அப்படி எண்ணிப் பார்ப்பதில்லை.

அவிநாசி சாலையை ஒட்டிய மைதானம் ஒன்றில் இப்படி ஒரு பயிற்சியை அருகில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் கொம்பு பழகிக்கொண்டிருந்தான். கொம்பை இரண்டு துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தி வளைவைச் சரிசெய்துகொள்கிறார்கள். உதட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பிடிபடும் வரை காற்றுதான் வருகிறது, ஒலி வருவதில்லை. பையனின் கன்னம் வலித்திருக்கும். இரண்டு முறை கொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டான். கற்றுக்கொடுத்தவர் அதட்டவே இல்லை. தன் கொம்பை எடுத்து ஒரு முறை ஊதிக்காட்டினார், நிறுத்தினார், அவன் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஊதினார். அவனுக்கு ஒலி வந்தபோது அவனே பயந்துபோய் வாயை எடுத்துவிட்டான். அத்தனை பெரிய சத்தம். அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு பெண் திருச்சின்னம் வைத்திருந்தாள். மெலிந்த இரண்டு குழல்களை ஒன்றாக வாயில் வைத்து ஊத வேண்டும். அவளுடைய தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறாள்.

பிறகு எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மேளங்கள் மெதுவாகத் தொடங்கின. இந்த இசையில் தனி ஆவர்த்தனம் கிடையாது. நடுவில் நிற்பவரின் கையையும் பிரம்மதாளத்தையும் கவனித்துக்கொண்டே வேகம் ஏறுகிறது. ஒருவர் முந்தினால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஒருவர் பிந்தினாலும் அப்படியே. முந்திப் போன பையனை யாரும் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற நடுவயதுக்காரர் தன் மேளத்தைச் சற்று அவன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் காதில் தாளம் விழட்டும் என்று.

கும்மி இன்னொரு வகை. அதில் ஆட்டமும் பாட்டும் முதன்மை, வாத்தியம் துணை. ஆனாலும் இந்தக் கட்டுரைக்கு அது மிக முக்கியம். காரணம், ஒரு ஊரை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதைக் கொங்கு நாடு கும்மியில்தான் பக்குவமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஓர் ஆசிரியரை ஊரே அழைக்கிறது. சில மாதங்களுக்கு மாலை நேரத்தில், கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ பயிற்சி. ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே வட்டத்தில். முடிவில் அரங்கேற்றம். அன்றைக்கு ஒரே நிறச் சேலை, உள்ளூர் பெரிய மனிதர்கள், சொந்தபந்தம், சாப்பாடு. கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும்போதே மேடை ஏறும் நாள் கண் முன்னால் தெரிகிறது. அதனால்தான் இடையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. கோவை தேக்கம்பட்டியின் எம். பத்ரப்பன் வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்பதுதான் அவருடைய பெரும் பங்களிப்பு. இன்றைய அரங்கேற்றங்களில் பெண்கள் கூட்டத்தைப் பார்க்கிறவர்கள், அதற்குப் பின்னால் இப்படி ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

குறையையும் சொல்லியாக வேண்டும். சில ஊர்களில் கும்மிக் குழு ஒரே சாதிக்குள் நின்றுவிடுகிறது. வட்டத்தில் யார் கைகோத்து நிற்கலாம் என்பதை ஊர் தீர்மானிக்கிறது. இசையில் சேர்ந்து நிற்பது அந்தக் கோட்டை அழிக்க வேண்டும். அதையே அழுத்தி வரைகிற வேலையாக மாறினால் அது எனக்கு உடன்பாடில்லை.

பறை இந்தக் கோட்டை நேராக எதிர்கொள்கிறது. கொங்குக் கிராமங்களில் சாவுக்கு அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எத்தனை தலைமுறைகளை அவமானப்படுத்தியிருக்கிறது என்பது இந்தப் பகுதிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பேசுவது குறைவு. அந்தக் கருவியை அதே மக்கள் பெருமையோடு கையில் எடுத்ததும், பிறகு மற்றவர்களும் வந்து கற்றுக்கொண்டதும் கடந்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த பெரிய பண்பாட்டு மாற்றங்களில் ஒன்று. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990-ல் தொடங்கிய சக்தி கலைக்குழு அதில் முன்னோடி. தலித் பெண் பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். கோவையை மையமாகக் கொண்ட நிமிர்வு கலையகம் சாதி, பால் பார்க்காமல் பறை கற்றுக்கொடுக்கிறது. 2025-ல் மதுரை மாவட்டத்தின் வேலு ஆசானுக்குப் பறைக்காக பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பறைக்குப் பெரிய செலவில்லை. வேப்பமரச் சட்டம், கன்றுத் தோல், வலது கைக்குக் குட்டையான அடிக்குச்சி, இடது கைக்கு மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. வாசிக்கும் முன் ஓலையையோ காகிதத்தையோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காய்ச்சி, மறுபடி சுண்டிப் பார்க்கிறார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதலில் கற்பது இதைத்தான்: கருவி தயாராகிவிட்டதா என்று காதால் அறிவது.

இவை போக மெல்லிசைக் குழுக்கள் இருந்தன, இருக்கின்றன. மாரியம்மன் நோன்பு, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எங்கும் கீபோர்டு, தபேலா, ட்ரம்ஸ் கற்ற இளைஞர்களுக்கு அவைதான் பள்ளிக்கூடம். டிஜே பெட்டி வந்த பிறகு அந்த வாய்ப்பும் சுருங்கிவிட்டது. சர்ச்சுகளின் பாடகர் குழுக்களில் பிள்ளைகள் கிடாரும் கீபோர்டும் கற்கிறார்கள். காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் கனடா ஆய்வாளர் பிரெண்டா பெக் பதிவுசெய்த அண்ணன்மார் கதையின் உடுக்கை மட்டும் அரிதாகிவிட்டது. இன்று ஓர் இளைஞன் அதைக் கற்க வேண்டுமென்றால் ஆசானைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, வாத்தியார்கள் இருக்கிறார்கள். மேடையும் அவ்வப்போது இருக்கிறது. இல்லாதது என்ன? தொடர்ச்சி. தேர் முடிந்தால் கயிலாய வாத்தியப் பையனுக்கு அடுத்த தேர் வரை வேலையில்லை. அரங்கேற்றம் முடிந்தால் கும்மிக் குழு கலைந்துவிடும். பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தும் கலைத் திருவிழா மிக நல்ல முயற்சி. கருவி இசையில் பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த பிறகு அந்தப் பரிசுக்கு அடுத்த படி என்று ஒன்று இங்கே இல்லை. ஒவ்வொரு குழுவும் தனித்தனி. கொம்பு ஊதுகிறவன் பறையோடு சேர்ந்து வாசித்ததில்லை. சர்ச்சில் கிடார் வாசிக்கிறவளுக்கு உடுக்கை தெரியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் தங்கியிருக்கிற லைன் வீடுகளில் ஞாயிறு இரவு டோலக் சத்தம் கேட்கிறது. கதவைத் தாண்டி அது வெளியே வந்ததே இல்லை.

சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. அதை இங்கே விரிவாகப் பார்ப்பது பயன்தரும். ஏ.ஆர். ரகுமான் 2008-ல் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். அதையொட்டி அவருடைய அறக்கட்டளை வழியாக வளர்ந்ததுதான் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா. வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் மேற்கத்திய செவ்வியல் இசையைக் கற்றுக்கொடுத்து, முழு இசைக்குழுவாக உட்காரவைப்பது திட்டம். வயலின் கலைஞர் ஸ்ரீனிவாசமூர்த்தி அவர்களை நடத்தினார். வயலினை முன்பின் பார்த்திராத பிள்ளைகள், சில ஆண்டுகளில் ரகுமானின் மேடைகளிலும் ஒலிப்பதிவுகளிலும் வாசித்தார்கள்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் சினிமா இசைக்கூடங்களின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் சிந்தசைசர் வந்து அந்த நாற்காலிகள் காலியாயின. பிறகு பெரிய தந்திக் கருவி இசை வேண்டுமென்றால் புடாபெஸ்ட்டுக்கும் பிராகுக்கும் போய்ப் பதிவுசெய்யும் வழக்கம் வந்தது. 2025 மார்ச் 8-ல் இளையராஜா தன் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியபோது வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. அது நமக்கெல்லாம் பெருமைதான். அப்படி ஒரு படைப்பை வாசிக்க இங்கேயே பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வர வேண்டும். சன்ஷைன் அந்தத் திசையில் போட்ட அடி. பயிற்சியோடு மேடையும், மேடையோடு தொழிலுக்கான வழியும் பிள்ளைகளுக்குத் திறந்தது. நாடகக் கம்பெனிக்குப் பிறகு அந்த மூன்றையும் ஓரளவு ஒன்றாகத் தந்த இடம் என்று இதைச் சொல்வேன்.

இதே வழியில் போனவர்கள் வேறு பலரும் உண்டு. டார்ஜிலிங் மலையில் காலிம்போங்கில் எட்வர்ட் மெக்குவயர் என்ற யேசு சபைப் பாதிரியார் 1993-ல் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் எல்லோரும் வயலின் கற்கிறார்கள். கோவாவில் மருத்துவர் லூயிஸ் டயஸ் 2009-ல் தொடங்கிய சைல்ட்ஸ் ப்ளே அமைப்பும் அப்படித்தான். இப்படிப்பட்ட பல முயற்சிகளுக்குத் தூண்டுகோல் வெனிசுவேலா. 1975-ல் ஹொசே அந்தோனியோ அப்ரேயு கராகாஸ் நகரில் ஒரு கார் நிறுத்தும் கொட்டகையில் பதினோரு பேரை வைத்துத் தொடங்கிய எல் சிஸ்டெமா, லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தொட்ட இயக்கமானது. அங்கே வளர்ந்த குஸ்தாவோ டுடமெல் உலகின் பெரிய இசைக்குழுக்களை நடத்துகிறார்.

எல் சிஸ்டெமாவைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற பக்கமும் உண்டு. பிரிட்டிஷ் இசை ஆய்வாளர் ஜெஃப்ரி பேக்கர் அங்கே தங்கியிருந்து ஆராய்ந்து 2014-ல் எழுதிய புத்தகத்தில் கடுமையான குற்றச்சாட்டுகளை வைத்தார்: மேலிருந்து கீழே ஆணை, கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப அரைத்தல், பிள்ளைகளின் சொந்தப் படைப்புக்கு இடமின்மை. திருப்பூர்க்காரன் அதைப் படிக்கும்போது நெஞ்சில் தைக்கும். நம்முடைய கம்பெனி லைனில் ஒருத்தி கழுத்துப்பட்டி மட்டும் வைக்கிறாள், அடுத்தவள் கை மட்டும் இணைக்கிறாள். முழு பனியன் யாருடையதும் இல்லை, சூப்பர்வைசர் கண் மட்டும் எல்லோர் மேலும். ஒரு பெண் ஆறு நாள் அந்த லைனில் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் வருகிற இடம் இன்னொரு லைனாக இருந்துவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டால்தான் தன் பகுதியே வரும் என்ற நிலை அங்கே இருக்க வேண்டும். நான் பார்த்த கயிலாய வாத்திய வட்டத்தில் அது இருந்தது. கட்டளை குறைவு, கேட்பது அதிகம்.

அதனால்தான் திருப்பூருக்கு வேண்டியது சன்ஷைனின் நகல் அல்ல என்று நினைக்கிறேன். இங்கே வயலின் வகுப்பும் வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் தொடங்க வேண்டிய இடம் கையில் ஏற்கெனவே இருக்கிற கருவிகள்: பறை, கொம்பு, உருமி, பம்பை, உடுக்கை, தவில், சர்ச் பிள்ளைகளின் கிடார், லைன் வீட்டு டோலக். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் கூத்தர்கள் பையில் சுமந்துபோன கருவிகளை வரிசைப்படுத்துகிறது: முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. தோலும் துளையும் கஞ்சமும் சேர்ந்த கூட்டம் நமக்குப் புதிதே அல்ல. 1952-ல் டெல்லி வானொலியில் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம அய்யரும் நடத்திய வாத்திய விருந்தாவில் வடக்கும் தெற்கும் ஒரே குழுவில் உட்கார்ந்தன. ஆகவே ஒடியாக்காரனின் டோலக்கும் அவிநாசிக் கொம்பும் ஒத்துவராது என்று யாரும் சொல்ல முடியாது.

எம்.பி. சீனிவாசனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. சினிமா இசையமைப்பாளர், பொதுவுடைமைக்காரர், திரைப்பட வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியதில் முன்நின்றவர். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். அலுவலகம் போகிறவர்கள், மாணவர்கள் என்று தொழில்முறைப் பாடகர்கள் அல்லாதவர்களை நிறுத்தி, பாரதி பாடல்களை நான்கு குரல்களில் பாடவைத்தார். 1988-ல் அவர் இறந்த பிறகும் அந்தக் குழு தொடர்ந்தது. தொழிற்சங்கக்காரருக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது: உழைக்கிறவனுக்குக் கூலி உயர்வு கேட்கிற அதே வாயால் அவனுக்குப் பாட்டும் கேட்பது. திருப்பூரின் தொழிற்சங்கங்கள் பல பெரிய போராட்டங்களைக் கண்டவை. அவை இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

பணம்? ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவுக்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊரில் இந்தக் கேள்வி வருவதே வருத்தம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று நம் முதலாளிகளுக்கு அவர்களுடைய ஆடிட்டர்கள் சொல்லியிருப்பார்கள். ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்று பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளின் வளர்ச்சி வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. பள்ளிக்குக் கழிப்பறையும் ஆஸ்பத்திரிக்குக் கருவியும் கட்டாயம் வேண்டும்; அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்த நிதியில் ஒரு சிறு துண்டு போதும், இரண்டு மூன்று ஆசான்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம். கருவியைவிட ஆசானின் சம்பளம்தான் முக்கியம். இன்று கற்றுக்கொடுக்கிற பலர் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சும்மா கொடுக்கிறார்கள். அவர்கள் களைத்துப்போனால் குழு கலைகிறது.

இந்தக் காலத்திலா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 விழுக்காடு வரியை விதித்தபோது இந்த ஊர் பட்ட பாடு எனக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு வேலையில்லாமல் ஊர் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆர்டர் குறைந்த மாதங்களில்தான் இளைஞர்கள் அறைக்குள் கிடந்து போனையும் பாட்டிலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை குறைவான ஞாயிறுகள்தான் பயிற்சிக்கு அதிகம் கிடைக்கிற ஞாயிறுகள்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மாநகராட்சிப் பள்ளி மைதானம் ஒன்று ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஏழு வரை. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி என்று கேட்காத சேர்க்கை. பெண் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பிப் போக வண்டி. இது இல்லாவிட்டால் விடுதி வார்டன் அனுப்ப மாட்டார், பாதிப் பேர் வர மாட்டார்கள். கருவிகளைப் பூட்டிவைக்க ஓர் அறை. முதல் நாளிலேயே அறிவித்துவிட வேண்டிய அரங்கேற்றத் தேதி. நொய்யல் கரைப் பொங்கல் விழா அதற்கு நல்ல மேடை.

இதைப் படிக்கிற திருப்பூர் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கொம்போ உடுக்கையோ பறையோ கற்றுக்கொடுக்கக் கூடியவர் இருந்தால், அவருடைய ஊரையும் கருவியையும் குறித்து இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். அவருடைய சம்மதத்தோடு அந்தப் பட்டியலை இந்தத் தொடரின் கடைசி வாரத்தில் வெளியிடுகிறோம். கம்பெனி நடத்துகிறவர்கள் இந்த நிதியாண்டின் சமூகப் பணிக் கணக்கை எழுதும் முன், ஏழாம் அட்டவணையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

(தொடரும்)